முன் சீட்டில் ஒருவர்

ஜூன் 8, திங்கள்

டயர் கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை மாதமாக பீரோ மேல் கிடந்தது. வால்பாறைக்கு மாற்றலாகிச் சாமான் கட்டும்போது தெய்வானை இதைக் கையில் எடுத்து, எழுதுவதாக இருந்தால் கொண்டு வருகிறேன், இல்லையென்றால் பழைய பேப்பரோடு போட்டுவிடுகிறேன் என்றாள். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னதற்காக எழுதுகிறேன்.

பெயர் ஆறுச்சாமி. ஆம்புலன்ஸ் டிரைவர். எங்கள் வேலையில் டிரைவரைப் பைலட் என்பார்கள். எங்கள் ஊரில் ஒரு பெரியவர் நான் விமானம் ஓட்டுவதாக இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார். நானும் மறுப்பதில்லை.

இங்கே வந்ததிலிருந்து மழை. தகரக் கூரை. பேசினால் காதில் விழாது. மத்தியானம் சாம்பாரில் உப்பு இல்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். மாற்றலாகி வந்த அலுப்பு. தெய்வானை ஒன்றும் சொல்லவில்லை. அவள் எப்போதுமே அதிகம் பேசுகிறவள் இல்லை.

என்னோடு வண்டியில் வேலை பார்க்கப்போகிற டெக்னீசியன் பெயர் செய்யதலி பாத்திமா. கடையநல்லூர்க்காரி. பின்னால் நோயாளியோடு இருந்து வைத்தியம் பார்ப்பது அவள் வேலை, வண்டி என் வேலை. வயதில் என் மகளாக இருக்கலாம். முதல் நாளே ஒரு சங்கதி சொல்லி வைத்தாள். சில கேஸ்களில், "அண்ணே, முன்னால இடம் இருக்கா" என்று கேட்பாளாம். அப்படிக் கேட்டால், நோயாளியோடு வந்த ஆளை நான் என் பக்கத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டுமாம். நடுவில் இருக்கிற கண்ணாடியைச் சாத்திவிட்டு, ஆஸ்பத்திரி வரும்வரை அந்த ஆளோடு பேசிக்கொண்டே வர வேண்டுமாம்.

என்ன பேசுவது என்று கேட்டேன். என்ன வேண்டுமானாலும் பேசுங்கள், அவர் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் போதும் என்றாள். எதற்கு என்று கேட்டதற்கு, வரும்போது தெரியும் என்று சொல்லிவிட்டு ஆக்சிஜன் சிலிண்டரைச் சரிபார்க்கப் போய்விட்டாள்.

ஜூன் 11, வியாழன்

வந்துவிட்டது.

தேன்பாறை எஸ்டேட், கீழ்ப் பாடி. எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை இங்கே பாடி என்கிறார்கள். இசக்கியம்மாள் என்று ஒரு பெண், தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள், முப்பது வயது இருக்கும். குளியலறைப் பாசியில் வழுக்கி விழுந்து கை ஒடிந்துவிட்டது என்று அவள் புருஷனே போன் செய்திருந்தார். பெயர் தங்கப்பாண்டி. எஸ்டேட்டில் கொழுந்து லாரி ஓட்டுகிறவர். மனைவியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். தலையில் மழை விழாமல் துண்டைப் பிடித்துக்கொண்டே வந்தார். எனக்குப் பார்க்கவே நன்றாக இருந்தது.

தாலுகா ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, எலும்பு டாக்டரைப் பார்க்கப் பொள்ளாச்சிக்கு அனுப்பினார்கள். தங்கப்பாண்டி பின்னால் ஏறப்போன நேரத்தில் பாத்திமா, "அண்ணே, முன்னால இடம் இருக்கா?" என்றாள். நான் முன்கதவைத் திறந்துவிட்டேன்.

மலை இறங்கும் வரை அருமையான பேச்சு. மனிதர் இந்த ரோட்டில் பதினைந்து வருஷமாக வண்டி ஓட்டுகிறார். எந்த வளைவில் காட்டெருமை நிற்கும், எங்கே பிரேக்கை நம்பக்கூடாது, எல்லாம் சொன்னார். இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள் என்றார். அப்படித்தான் இறங்கினேன், வண்டி சொன்னபடி கேட்டது.

திரும்பும்போது ஆழியாரில் வறுத்த மீன் வாங்கிச் சாப்பிட்டோம். நல்ல மனிதர் அம்மிணி, இந்தக் காலத்தில் பெண்டாட்டிக்குத் துண்டு பிடித்துக்கொண்டு யார் வருகிறார்கள் என்றேன். பாத்திமா மீனில் முள் எடுத்துக்கொண்டே சொன்னாள். வழுக்கி விழுகிறவர்கள் உள்ளங்கையை ஊன்றுவார்கள், மணிக்கட்டுதான் உடையும். இவளுக்கு உடைந்திருப்பது முன்னங்கையின் வெளிப்பக்கத்து எலும்பு. தலை மேல் எதுவோ வரும்போது கையைத் தூக்கித் தடுத்தால் அங்கே உடையும்.

அப்படி எல்லாருக்கும் சொல்லிவிட முடியாது என்றேன்.

"முடியாதுண்ணே. அதான் நான் ஒண்ணும் சொல்லல. அவங்களும் ஒண்ணும் சொல்லல. எதுவா இருந்தாலும் எங்களக் கூப்பிடலாம், யாரும் உங்களத் திட்ட மாட்டோம்னு மட்டும் சொல்லி வச்சேன்."

மீன் கொஞ்சம் காரம்.

ஜூன் 23, செவ்வாய்

காலில் ஏறிய அட்டை மூன்று பிடுங்கினேன். வேறு விசேஷம் இல்லை.

ஜூலை 5, ஞாயிறு

இன்றைக்கு ஒரு நல்ல காரியம் நடந்தது. பிரசவ வலியில் ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு வருகிறோம், ரோட்டின் குறுக்கே சவுக்கு மரம் விழுந்து கிடக்கிறது. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் கொழுந்து லாரி. லாரியிலிருந்து இறங்கியவர் தங்கப்பாண்டி. ஒரு வார்த்தை பேசவில்லை. சங்கிலியை எடுத்து மரத்தில் மாட்டி, லாரியைப் பின்னால் எடுத்து இழுத்தார். இரண்டு முறை சங்கிலி கழன்று தெறித்தது. மூன்றாவது முறை மரம் நகர்ந்தது. தாயும் பிள்ளையும் சுகம். பெண் குழந்தை.

சாயங்காலம் எங்கள் வண்டி நிற்கும் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடையில் அவரைப் பார்த்து நன்றி சொன்னேன். டீக்கு என்னைக் காசு கொடுக்க விடவில்லை. வீட்டுக்கு ஒரு பொட்டலம் மிளகு கொடுத்தனுப்பினார்.

பாத்திமாவிடம் சொன்னேன், இந்த ஆளைப் போய் நீ சந்தேகப்பட்டாயே என்று. மரம் இழுத்தது நல்ல காரியம்தான் அண்ணே என்றாள். 

ஜூலை 17, வெள்ளி

எழுத மனமில்லை. ஆனால் எழுதாமல் படுத்தாலும் தூக்கம் வராது.

மத்தியானம் கீழ்ப் பாடியிலிருந்து அழைப்பு. பக்கத்து வீட்டுக்காரி பேசியிருக்கிறாள், இசக்கியம்மாள் மயக்கமாகிவிட்டாள் என்று. போனபோது எழுந்து உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, சேலைத் தலைப்பைக் கழுத்தோடு இழுத்துச் சுற்றியிருந்தாள். தங்கப்பாண்டி வாசலிலேயே, சாப்பிடாமல் கிடந்தால் இப்படித்தான், இப்போது சரியாகிவிட்டது, நீங்கள் போகலாம் என்றார். ஆறு வயது மகள் சுவேதா அம்மாவின் காலடியில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தது. சீவிய பென்சிலையே திரும்பத் திரும்பச் சீவிக்கொண்டிருந்தது.

பாத்திமா இசக்கியம்மாளிடம் பெயர் என்ன என்று கேட்டாள். பதில் வந்தது, குரல் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை விலக்கச் சொல்லவே இல்லை. எழுந்து வந்து தங்கப்பாண்டியிடம் மரியாதையாகச் சொன்னாள்: தொண்டையில் வீக்கம் இருக்கிறது, இப்போது நன்றாக இருப்பதுபோல் தெரியும், சில மணி நேரம் கழித்து மூச்சை அடைத்துவிடும், இப்படி விட்டுவிட்டுப் போனால் நாளைக்கு எனக்கும் பதில் சொல்ல முடியாது, உங்களுக்கும் முடியாது. அவர் என்னைப் பார்த்தார். நானும், "வாங்க பாண்டி, போயிட்டு வந்துரலாமுங்க" என்றேன். என் சொல்லுக்காக வந்தார்.

முன்கதவைத் திறந்துவிட்டேன். கண்ணாடியைச் சாத்தினேன்.

இந்த முறை பேச்சு சுலபத்தில் வரவில்லை. அவர் கழுத்து அடிக்கடி பின்னால் திரும்பியது. நான் பிரேக் ஷூவைப் பற்றிக் கேட்டேன். டீசல் விலை பேசினேன். குரங்கு அருவி தாண்டியதும் அவரே ஆரம்பித்தார்.

"டாக்டரு என்ன ஆச்சுன்னு கேப்பாங்களாண்ணே?"

கேட்பார்கள் என்றேன்.

"சண்ட இல்லாத வீடு எது? உங்க வீட்ல சண்ட வராதா?"

"வருமுங்க."

"கை நீட்டுவீங்களா?"

"இல்லீங்க. சத்தம் போடுவேன்."

"சத்தத்துக்கே அடங்கிருவாங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

"குடுத்து வச்சவருண்ணே நீங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதன் பிறகு அவர் திரும்பிப் பார்க்கவில்லை, பொள்ளாச்சி வரை பேசிக்கொண்டே வந்தார்.

அவரைப் பேச வைப்பதற்காகச் சொன்னது. மற்றபடி அதில் ஒன்றுமில்லை.

ஜூலை 18, சனி

பாத்திமா சொன்னதை எழுதி வைக்கிறேன். கழுத்தில் விரல் தடம். கண்ணின் வெள்ளையில் பொடிப்பொடியாக ரத்தப் புள்ளி. யார் செய்தார்கள் என்று அவள் கேட்கவில்லையாம். வீட்டில் இருக்கப் பயமாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டாளாம். இசக்கியம்மாள் கண்ணை மூடித் திறந்தாளாம். பிள்ளையை ஏதாவது செய்வாரா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையாட்டினாளாம். போலீஸ் என்றதும் பாத்திமாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்றாளாம்.

பாத்திமா வற்புறுத்தவில்லை. கழுத்தில் கண்டதை டாக்டரிடம் தனியாகச் சொல்லி, சேர்த்துக்கொள்ளச் செய்தாள். பெண்களுக்கான உதவி எண் நூற்றியெண்பத்தொன்றைக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கவில்லை, வீட்டில் பார்த்துவிட்டால் வம்பு. மனதில் பதியும் வரை காதோடு சொல்லிக்கொடுத்தாள்.

கொலை செய்யப் பார்த்திருக்கிறான், போலீஸ் வேண்டாம் என்றால் விட்டுவிடுவதா என்று நான் கத்தினேன்.

"அண்ணே, அவங்க வாழ்க்கையில எல்லாத்தையும் அவருதான் முடிவு பண்ணுதாரு. நானும் போயி முடிவு பண்ணுனா அவங்களுக்கு நானும் அவரும் ஒண்ணுதான்."

ஜூலை 21, செவ்வாய்

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டாளாம். கீழ்ப் பாடிக்கே.

சாயங்காலம் அடுப்படியில் தெய்வானையிடம் சொன்னேன். பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. இப்படி ஒருத்தி, அடி வாங்கிவிட்டு அங்கேயே போகிறாள், இவளுக்கெல்லாம் நாம் என்ன செய்ய முடியும் என்றேன்.

தெய்வானை பீன்ஸ் அரிந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"போறதுக்கு ஒரு எடம் வேணுமல்லங்க" என்றாள்.

இன்னும் நாலு பீன்ஸ் அரிந்துவிட்டு, "நாங்கூட ரெண்டு தடவ பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருக்கேன்" என்றாள். எந்த பஸ் ஸ்டாண்ட், எப்போது என்று கேட்க நினைத்தேன். அடுப்பில் குக்கர் சத்தம் போட்டது, எழுந்து போய்விட்டாள். ஏதாவது சாமான் வாங்கப் போயிருப்பாள்.

பீன்ஸ் பொரியல் நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

லீவு. தேங்காய் துருவினேன். துருவல் கரகரவென்று வந்தது, தெய்வானை குறை சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20, வியாழன்

தேன்பாறை எஸ்டேட்டின் பிள்ளைக் காப்பகத்தில் பெண்களுக்கு முதலுதவி வகுப்பு எடுக்க பாத்திமா அனுமதி வாங்கியிருந்தாள். பாம்புக்கடி, தீக்காயம், பிள்ளைகளுக்கு வலிப்பு. கட்டுப்போடக் காட்டுவதற்கு நான்தான் பொம்மை. என் தலையிலும் தாடையிலும் துணி சுற்றி, நடுவில் மூக்கு மட்டும் தெரிய உட்கார வைத்துவிட்டாள். பெண்கள் சிரித்த சிரிப்பில் சூப்பர்வைசர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கடைசியில், பாம்பு மட்டும்தான் கடிக்கும் என்றில்லை, வீட்டுக்குள் அடி விழுந்தாலும் அதுவும் காயம்தான், அதற்கும் எங்களைக் கூப்பிடலாம், கூப்பிட்டால் வருவோம் என்றாள். ரொம்பச் சாதாரணமாக, தீக்காயத்துக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்ன அதே குரலில் சொன்னாள். சிரிப்பு நின்றுவிட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. பின்வரிசையில் இசக்கியம்மாள் இருந்தாள். கைக்கட்டு பிரித்திருந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தெரிந்து அந்த அறையில் தரையைப் பார்த்தவர்கள் இன்னும் நாலைந்து பேர்.

ஆகஸ்ட் 28, வெள்ளி

உடம்புக்கு ஏதாவது சரியில்லையா, சத்தமே காணோமே என்று தெய்வானை கேட்டாள். எனக்கு ஒன்றுமில்லை. நன்றாகத்தான் இருக்கிறேன்.

செப்டம்பர் 10, வியாழன்

இத்தனை வருஷ சர்வீஸில் இப்படி ஒரு நாள் வந்ததில்லை.

காலையில் அழைப்பு. கீழ்ப் பாடி. பெண், மூச்சு விடும்போது விலாவில் வலி. இந்த முறை பேசியது இசக்கியம்மாளேதான், பக்கத்து வீட்டு போனிலிருந்து. போனபோது வாசற்படியில் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சுவேதா பள்ளிக்கூட யூனிபார்மில். ஒரு துணிப்பை. தங்கப்பாண்டி லாரியில் கொழுந்தேற்றப் போயிருந்தார்.

பாத்திமா தொட்டுப் பார்த்தாள். முந்தின நாள் உதைத்திருக்கிறார், விலா எலும்பு உடைந்திருக்கும் போலிருந்தது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது இசக்கியம்மாள் கேட்டாள்.

"பாப்பாவையும் ஏத்திக்குவீங்களா?"

"ஏத்திக்குவோம்."

"நான் திரும்பி வரமாட்டேன்."

"சரி" என்றாள் பாத்திமா. அவ்வளவுதான். ஏன், எப்படி என்று ஒரு கேள்வி இல்லை.

கீழ்ப் பாடியிலிருந்து மேலே வரும் எஸ்டேட் ரோடு ஒரு வண்டி அகலம். ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறு பக்கம் ஓடைப் பள்ளம். பாதி வந்திருப்போம். வளைவில் எதிரே கொழுந்து லாரி.

வேறு எந்த லாரியாகவும் இருந்திருக்கலாம். தங்கப்பாண்டி தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். மழையில் இறங்கி என் ஜன்னலுக்கு வந்தார். நான் கிளட்சிலிருந்து காலை எடுக்கவில்லை. பின்னால் இருக்கிற கண்ணாடிகள் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத கண்ணாடிகள்தான். இருந்தாலும் எல்லாமே தெரிவதுபோல் எனக்கு இருந்தது.

"யாருண்ணே, நம்ம பாடியா?"

பொய் சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு பொய்யும் வரவில்லை.

"அப்புறஞ் சொல்றேனுங்க பாண்டி. மூச்சு விடக் கஷ்டப்படற பேஷண்ட். எனக்கு வழி வேணும்."

இரண்டாம் கேள்வி கேட்கவில்லை. ஓடிப்போய் ஏறினார். மூட்டை மூட்டையாகக் கொழுந்து ஏற்றிய லாரியை, அந்தச் சேற்றில், பின்னாலேயே எடுத்துக்கொண்டு போனார். பாலத்தருகே அகலம் வந்ததும் ஒதுக்கினார். அதோடு விடவில்லை. இறங்கி, பள்ளத்து ஓரமாக நின்றுகொண்டு, என் இடது டயரைப் பார்த்துக்கொண்டே, வரட்டும் வரட்டும் என்று கை காட்டினார். வண்டி தாண்டும்போது பக்கவாட்டுத் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டி, "ரைட், போலாம்" என்றார்.

எனக்கு இவ்வளவு நேர்த்தியாக யாரும் வழி விட்டதில்லை.

பாத்திமா பிறகு சொன்னாள். அந்தத் தட்டல் கேட்டதும் சுவேதா மெதுவாக, "அப்பா" என்றதாம். இசக்கியம்மாள் பிள்ளையின் முகத்தை மடியில் சாய்த்துக்கொண்டு, அதன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாளாம். மெயின் ரோடு வந்த பிறகுதான் அழுதாளாம்.

பொள்ளாச்சியில் டாக்டர் பார்த்து, விலாவில் இரண்டு எலும்பு என்றார். உதவி எண்ணுக்குப் பேசியிருந்ததால் பெண்களுக்கான சேவை மையத்திலிருந்து ஒரு அம்மா ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். தங்க இடம், சாப்பாடு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். போலீஸ் இப்போது வேண்டாம் என்று இசக்கியம்மாள் மறுபடியும் சொல்லிவிட்டாள்.

ஆழியாரில் வண்டியை நிறுத்தி முகம் கழுவினேன். பாத்திமா தண்ணீர் ஊற்றினாள். பிறகு அவளும் கழுவிக்கொண்டாள்.

செப்டம்பர் 16, புதன்

டீக்கடைக்கு வந்தார். ஆறு நாளில் ஆள் பாதியாகியிருந்தார். கையில் ஒரு பை.

"அப்புறஞ் சொல்றேன்னீங்களேண்ணே" என்றார்.

கடையில் ஆட்கள் இருந்தார்கள். பாத்திமா வண்டியருகே நின்றிருந்தாள். தெரியாது என்று சொல்லிவிடலாம், அதோடு முடிந்துவிடும். ஆனால் அந்த மழையில் எனக்காக லாரியைப் பின்னால் எடுத்த மனிதரிடம் எனக்கு அது முடியவில்லை.

"உள்ள இருந்தது உங்க சம்சாரந்தானுங்க. எங்க வுட்டேன்னு சொல்ல மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பையைத் திறந்து காட்டினார். பிள்ளையின் இன்னொரு யூனிபார்ம், இஸ்திரி போட்டு மடித்திருந்தது. இதைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன், வேறு ஒன்றும் பேசமாட்டேன் என்றார். கண் கலங்கியிருந்தது.  போலீஸ் ஸ்டேஷனில் கொடுங்கள், அவர்கள் சேர்ப்பார்கள் என்றேன்.

"நாம சிநேகிதம்னு நெனச்சேண்ணே."

"நானும் அப்பிடித்தானுங்க நெனச்சேன்."

அப்போதுதான் சட்டையைப் பிடித்தார். கண் ஒரே நொடியில் மாறிப்போனது. அதுவரை நான் பார்க்காத ஒரு முகம். இசக்கியம்மாள் வீட்டுக்குள் தினமும் பார்த்த முகம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். நான் கையைத் தூக்கவில்லை, நகரவும் இல்லை. கடைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் வந்து பிரித்தார்கள்.

இரண்டு பொத்தான் போய்விட்டது. தெய்வானை தைத்துக்கொண்டே என்ன நடந்தது என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஊசியைக் குத்திவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

செப்டம்பர் 19, சனி

மனைவியையும் மகளையும் ஆம்புலன்ஸில் கடத்திவிட்டார்கள் என்று எங்கள் இரண்டு பேர் மேலும் ஸ்டேஷனில் புகார் கொடுத்திருக்கிறார். கோயம்புத்தூரிலிருந்து மேலதிகாரி பேசினார். விசாரணை முடியும் வரை வண்டியில் ஏறக்கூடாது.

வீட்டில் இருக்கிறேன். துணி துவைத்தேன்.

செப்டம்பர் 20, ஞாயிறு

பாத்திமாவைச் சாப்பிடக் கூப்பிட்டு வா என்று தெய்வானை சொன்னாள். வந்தாள். அவள் சம்பளத்தில்தான் கடையநல்லூரில் அப்பாவுக்கு மருந்து, தம்பிக்குப் படிப்பு. வேலை போய்விட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். தெரியவில்லை அண்ணே, ஆனால் அன்றைக்கு அந்தப் படியில் அவர்களை விட்டுவிட்டு வந்திருக்க முடியுமா என்றாள். முடியாது என்று தெய்வானை அடுப்படியிலிருந்து பதில் சொன்னாள். அவளாக முந்திக்கொண்டு பேசி நான் கேட்டது அபூர்வம்.

இரண்டு பேரும் ரசத்தைப் பற்றி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பாத்திரம் கழுவினேன்.

செப்டம்பர் 24, வியாழன்

விசாரணை முடிந்தது.

பெண் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் மையத்துக்கே போய் இசக்கியம்மாளைக் கேட்டிருக்கிறார். நானாகத்தான் போன் செய்தேன், நானாகத்தான் ஏறினேன் என்று ஒரு வரி சொன்னால் போதும், எங்கள் மேல் இருந்த புகார் முடிந்துவிடும். அவள் ஒரு வரியோடு நிறுத்தவில்லை. கை உடைந்தது, கழுத்து, விலா, அதற்கு முன்னால் யாரிடமும் காட்டாத காயங்கள், எல்லாம் சொல்லியிருக்கிறாள். கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார்களாம். இதுவரை போலீஸ் என்ற சொல்லுக்கே பயந்தவள், இப்போது புகாராகவே கொடுத்துவிட்டாள்.

கூட இருந்த மையத்து அம்மா, ஏன் இத்தனை நாள் வேண்டாம் என்றீர்கள், இப்போது என்ன என்று கேட்டாராம். அதற்கு அவள் சொன்னதைப் பாத்திமா போனில் என்னிடம் அப்படியே சொன்னாள்:

"எனக்காகன்னா இன்னும் பொறுத்திருப்பேன்மா. அவங்க ரெண்டு பேருக்கும் வேல போயிருச்சின்னா, அடுத்து ஒருத்தி கூப்பிடும்போது யாரு வருவா?"

போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன். மழை விட்டிருந்தது. நாளைக்கு வண்டிக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

அக்டோபர் 7, புதன்

தங்கப்பாண்டியைக் கைது செய்து, ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். மனைவி, மகள் இருக்கும் இடத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போகக்கூடாது என்று கோர்ட்டு உத்தரவு. வழக்கு நடக்கிறது. எஸ்டேட்டில் அவரை வேறு டிவிஷனுக்கு மாற்றிவிட்டார்கள்.

இன்று வளைவில் எதிரே வந்தார். கை தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை. லாரியை ஒதுக்கி வழி விட்டார். நல்ல டிரைவர். அது வேறு, வீட்டுக்குள் அவர் செய்தது வேறு என்று இப்போது தெரிகிறது. ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கழித்துக்கொள்ள முடியாது.

நவம்பர் 8, ஞாயிறு

தீபாவளி. முறுக்கு பிழிந்தது நான். வடிவம் பற்றி யாரும் கேட்க வேண்டாம்.

நவம்பர் 29, ஞாயிறு

இசக்கியம்மாள் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். பொள்ளாச்சியில் கயிறு மில் ஒன்றில் வேலை கிடைத்து, மில்லுக்குப் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்து மகளோடு இருக்கிறாள். பாத்திமாவுக்கு டூட்டி, அவள் முந்தின வாரமே போய்விட்டு வந்துவிட்டாள். நான் தெய்வானையைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் மலை இறங்கினேன். வண்டி ஓட்டாமல் அந்த மலையில் இறங்குவது இதுதான் முதல் தடவை. இவ்வளவு அழகான இடமா என்று இருந்தது.

சின்ன அறை. ஜன்னலில் துவைத்த துணி. நெத்திலிக் குழம்பு வைத்திருந்தாள். குரல் முழுசாகத் திரும்பிவிட்டது. இத்தனை நாளில் அவள் பேசி நான் கேட்டதே பத்துச் சொல் இருக்காது, இன்றைக்கு நிறுத்தவே இல்லை. மில்லில் நார் பிரிப்பது எப்படி, மேஸ்திரி எப்படி நடப்பான், எல்லாவற்றையும் நடித்துக் காட்டினாள். சுவேதா என்னை உட்கார வைத்துப் படம் வரைந்தது. தலை பெரிதாக வந்துவிட்டது, உங்கள் தலை அப்படித்தான் இருக்கிறது என்றது.

சாப்பிட்ட பிறகு தெய்வானையும் அவளும் அடுப்படியில் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டே வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு தடவை சிரிப்பு மட்டும் கேட்டது. தெய்வானை இப்படிச் சிரிப்பாள் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தை அவளுக்குக் கொடுத்தேன். அணையைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்தது. அவளாகவே சொன்னாள்.

"வூட்டுக்காரரு வூட்ல எப்பிடின்னு கேட்டா இசக்கியம்மா."

"என்ன சொன்னே?"

 பஸ் ஒரு வளைவு திரும்பியது, இன்னொரு வளைவு திரும்பியது. அவள் வெளியே பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இப்பப் பரவால்லீன்னு சொன்னேன்."

 சாரல் அடித்தது. ஜன்னலைச் சாத்தட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும் என்றாள்.